நீலகிரியில் பழைய தோட்ட வீடு வாங்கிப் புதுப்பிக்க: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை, வாங்கியபின் செய்ய வேண்டியவை

கோத்தகிரி, குன்னூர், கேத்தி, மஞ்சூர் பக்கம் விலைக்கு வரும் பழைய தோட்ட வீடுகள் ஏறக்குறைய ஒரே ஜாடைதான். மண்சாந்தில் கட்டின ஒன்றரை அடிக் கல் சுவர் அல்லது செங்கல் சுவர், மேலே தகரம் அல்லது மங்களூர் ஓடு, உள்ளே பலகைத் தரை, கூடத்தில் ஒரு கணப்பு, சுற்றிலும் முப்பது நாற்பது சென்ட் தேயிலை. வெயில் அடிக்கிற நாளில் போய்ப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். தரகர்களும் அப்படி நாள் பார்த்துத்தான் கூட்டிப்போவார்கள்.

மலையில் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு வாங்குகிற பொருளில் வீடு சின்னப் பங்குதான். நிலத்தின் வகை, வண்டி வரும் வழி, கோடையில் வற்றாத தண்ணீர், மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் போகிற போக்கு, இந்த நாலும் ஒழுங்காக இருந்தால் கூரையில்லாத வீட்டைக்கூட மீட்டுவிடலாம். இதில் ஒன்று கெட்டிருந்தால் நல்ல வீடும் கையைச் சுடும். அதனால் வீட்டைக் கடைசியாகப் பாருங்கள்.

எந்த நிலத்தைத் தொடவே கூடாது

நீலகிரியில் ஆறு தாலுகா: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். இதில் கூடலூர், பந்தலூர் இரண்டிலும் முதல் கேள்வி, "இது ஜென்ம நிலமா?" (பழைய பரம்பரை நிலப்பிரபுவின் நிலமா) என்பது. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்கள் ஏராளம். அவற்றுக்குப் பட்டா இருக்காது. அனுபவம் மட்டும் இருக்கும். "எல்லாரும் இப்படித்தான் வாங்கறாங்க" என்பார்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தில் வாங்கியது நாளைக்குக் கிரயம் ஆகாது, மின் இணைப்புக்கே அலைய வேண்டியிருக்கும்.

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் வட்டாரம் சீகூர் யானை வழித்தடத்தை ஒட்டியது. 2010-ல் அரசு அறிவிக்கை வந்தது, 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் அறிவிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே மலிவாக ஒரு வீடு வருகிறது என்றால் மலிவுக்குக் காரணம் அதுதான்.

அடுத்தது 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். பட்டா தனியார் பேரில் சுத்தமாக இருந்தாலும், அந்தச் சர்வே எண் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. பட்டாவில் இதைப் போட்டிருக்கமாட்டார்கள். வனத்துறை அலுவலகத்தில் சர்வே எண் கொடுத்து எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சோலைக்காட்டை ஒட்டிய எந்த நிலத்துக்கும் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பஞ்சமி நிலம் (பத்திரத்தில் டி.சி. நிலம் என்றும் வரும்) ஆதிதிராவிடர் அல்லாதவருக்கு விற்கப்பட்டால் எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. அரசு ஒப்படை நிலங்களில் நிபந்தனைப் பட்டா உண்டு, ஒப்படை உத்தரவின் நகலைப் பார்க்காமல் நகரக்கூடாது. தோடர் பழங்குடியினரின் மந்துகளை (ஊர்களை) சேர்ந்த நிலத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அந்தத் தரகரோடு அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: வெளிநாடுவாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டம் இடம் கொடுப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தேயிலைக்கு நடுவே உள்ள வீட்டை "வெறும் வீடு" என்று எழுதிப் பதியலாம் என்று யோசனை சொல்பவர் பின்னால் வழக்குக்கு வரமாட்டார். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாத உள்நாட்டவர் விவசாய நிலம் வாங்கத் தடையில்லை.

காகிதம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் நாலையும் அரசு இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். விற்பவர் சென்ட்டில் சொல்வார். ஒரு ஏர் 2.47 சென்ட். 0.20.50 என்று போட்டிருந்தால் 20.5 ஏர், அதாவது ஐம்பது சென்ட்டுக்குச் சற்றே மேல். "அறுபது சென்ட்" என்று விலை பேசி, அளந்தால் ஐம்பதுக்கு வருவது இங்கே சாதாரணம். மீதிப் பத்து பெரும்பாலும் ஓடைப் புறம்போக்காக இருக்கும், அல்லது பக்கத்து எஸ்டேட்டுக்காரருடையது.

வில்லங்கச் சான்று 1975-க்குப் பிந்தையது இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தத் தேடலை விட்டுவிடாதீர்கள், தாய்ப்பத்திரம் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் இருக்கும். குடும்பச் சொத்தென்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட. "அக்காவுக்கு அப்பவே பணம் கொடுத்தாச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும்.

இனி, பலரும் கோட்டை விடுகிற இடம். முத்திரைத்தீர்வையைக் குறைக்க, பத்திரத்தில் வீட்டை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் காட்டுவார்கள். சமவெளியில் இது பணத் தகராறோடு போகும். மலையில் வீடே போய்விடும். புதுப்பிக்க அனுமதி கேட்டுப் போகும்போது, கட்டடம் மலைப்பகுதிக் கட்டட விதிகளுக்கு முன்பே இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். பத்திரத்தில் இல்லாத வீடு புதுக் கட்டுமானமாகப் பார்க்கப்படும். ஆகவே சொத்து விவரத்தில் கட்டடத்தின் சதுரடி, சுவர் வகை, கூரை வகை, கதவு எண், வீட்டுவரி எண், மின் இணைப்பு எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பழைய வீட்டுவரி ரசீதுகள், முதல் மின் இணைப்பு தந்த ஆண்டு, பழைய புகைப்படம் எது கிடைத்தாலும் விற்பவரிடமிருந்து அசலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பேசின விலை இரண்டில் எது கூடுதலோ அதன்மேல். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது, வாங்கவும் கூடாது. கிரய ஒப்பந்தத்தைப் பதிந்து, அதில் "சர்வேயர் அளந்து கல் நட்டபின் மீதிப்பணம்" என்று ஒரு வரி போடுங்கள்.

வழி

வீட்டு வாசல்வரை வண்டி வருகிறது என்பதால் வழி உங்களுக்குப் பாத்தியம் என்று ஆகிவிடாது. பாதி வீடுகளுக்கு வழி எஸ்டேட் சாலை வழியே போகும். அது எஸ்டேட்காரர் தயவு. அவர் கேட் போட்டால் நடந்துதான் போக வேண்டும். புல வரைபடத்தில் பாதை இருக்கிறதா, பஞ்சாயத்துச் சாலையா, வனத்துறைச் சாலையா என்று பாருங்கள். தனியார் நிலத்தின் வழியே போகிறதென்றால் குறைந்தது 10 அடி அகலத்துக்கு, வண்டி போக, குழாயும் மின்கம்பியும் கொண்டுபோக என்று மூன்றையும் பேர் சொல்லி எழுதின வழிப்பாத்தியம் பத்திரத்தில் வர வேண்டும். "நடைபாதை உரிமை" என்று மட்டும் இருந்தால் லாரி வராது.

லாரி வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. 100 சதுர மீட்டர் சுவருக்கு 20 மி.மீ. பூச்சு என்றால் 2 கன மீட்டர் மணல், ஏறக்குறைய 3 டன். தலைச்சுமை 25 கிலோ என்று வைத்தால் 120 நடை. பூச்சு மணலுக்கு மட்டும் இவ்வளவு. கல், ஜல்லி, தகரம், மரம் எல்லாம் தனி. சாமான் விலையைவிட ஏற்றுக்கூலி தாண்டிவிடும் வேலைகள் மலையில் உண்டு.

தண்ணீர்

வீடு பார்க்க ஐப்பசியில் போகிறவர்களுக்கு எல்லா ஊற்றும் பொங்கும். ஏப்ரல் கடைசியில், மே முதலில் போங்கள். பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, கைபேசியில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நாளைக்கு 14,400 லிட்டர். ஒரு வீட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் தாராளம். ஐந்து நிமிடம் ஆனால் 2,880 லிட்டர். தொட்டி கட்டி இரவெல்லாம் சேர்த்தால் குடும்பத்துக்குப் போதும், தோட்டத்துக்குப் பற்றாது. பதினைந்து நிமிடம் ஆகிறதென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லை எழுந்து வந்துவிடுங்கள். வாளி நிறைவதைப் பார்த்த கையோடு குழாய் எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பாருங்கள். ஊற்றுக்கண் அடுத்தவர் நிலத்தில் இருக்கும், அல்லது சோலைக்குள். அடுத்தவர் நிலமென்றால் ஊற்றுநீர்ப் பாத்தியமும் குழாய்ப் பாதையும் பதிவாகியிருக்க வேண்டும்.

"தண்ணி இல்லேன்னா போர் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் போர்வெல் வண்டியும் பொக்லைனும் ஓட்டக்கூடாது. அந்த அனுமதியை நம்பி நிலம் வாங்காதீர்கள். அதைவிட நம்பகமானது கூரைத் தண்ணீர். 1,000 சதுரடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் சேதாரம் போக ஏறக்குறைய 7,900 லிட்டர் கிடைக்கும். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம்; அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு. தொட்டியின் அளவை உங்கள் பக்கத்து வறட்சி மாதங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மண் நகர்கிறதா

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் சரிந்த சரிவுகளில் எத்தனையோ உயிர் போயிற்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மண்சரிவு அபாயப் பகுதிகளின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணால் பாருங்கள்.

வீட்டுக்கு மேல் உள்ள சரிவில் நடந்து போங்கள். மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் மெதுவாக நகர்கிறது என்று அர்த்தம். மின்கம்பமும் வேலிக்கல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதும் அதே கதை. தேயிலைக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடினால், அதில் கை நுழைந்தால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டின மண்மேட்டுக்கும் நடுவே ஆள் நுழைய இடமில்லை என்றால் அந்தச் சுவர் மண்ணைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மண்ணை விலக்காமல் சுவர் ஈரம் தீராது.

பழைய வீட்டில் விரிசல் இல்லாமல் இருக்காது. ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஏறி, மேலே போகப்போக அகலும் விரிசல் கடைக்கால் (அஸ்திவாரம்) இறங்கினதைக் காட்டும். பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குள் சிலந்திக் கூடும் அழுக்கும் இருந்தால் பழையது. வெள்ளையாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது. ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே ஒரு மழைக்காலம் வருமாறு பார்த்துக்கொண்டு, விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, இடைவெளியை அளந்து வையுங்கள். விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கூரை மரத்தைப் பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உத்திரத்தின் நடுவில் குத்திப் பயனில்லை, அங்கே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் நுழைகிற முனையில், சுவரை ஒட்டி, அடிப்பக்கமாக அழுத்துங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். அரை அங்குலம் இறங்கினால், வெளியே எடுக்கும்போது ஈரத்தூள் ஒட்டி வந்தால், அந்த முனை செத்துவிட்டது. ஒவ்வொரு உத்திரத்துக்கும் இரண்டு முனை. செத்த முனைகளை எண்ணிச் சொன்னால் ஆசாரி அங்கேயே மதிப்புப் போட்டுவிடுவார்.

சுவர் ஈரம் எங்கிருந்து என்பதற்கு, ஒரு சதுரடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோர்த்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்னால் கோர்த்தால் அறைக்காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது.

அனுமதி

மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எல்லாரும் ஹாகா என்கிற அமைப்பு, 1990-லிருந்து இருக்கிறது. அதன் கீழ் வரும் கிராமங்களில் பஞ்சாயத்துத் தலைவர் தலையாட்டினால் போதாது. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் வாங்கும் முன்பே உதகையில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இருந்த இடத்தில், இருந்த அளவில், இருந்த மாதிரியே கூரை மாற்றுவதும் பூசுவதும் பழுதுபார்ப்பு. சுவரை ஓரடி வெளியே தள்ளினால், குளியலறை சேர்த்தால், திண்ணையை அறையாக்கினால் அது புதுக் கட்டுமானம். அதற்கு வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல் என்று தடையின்மைச் சான்றுகள் கேட்பார்கள். பழுதுபார்ப்புதான் என்றாலும் உள்ளாட்சிக்குப் படங்களோடு எழுத்தில் தெரிவித்து, ரசீது வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். நாலு பக்கமும் எடுத்த பழைய படங்கள், ஒரு அளவுப் படம், வரி ரசீது போதும். யாராவது புகார் எழுதினால் (எழுதுவார்கள்) அந்த ரசீதுதான் பேசும். வீட்டைக் காட்டேஜாக வாடகைக்கு விடுவது வேறு அனுமதி. குடியிருப்பு அனுமதியில் அது அடங்காது.

மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், உங்கள் பட்டா நிலத்தில் நீங்களே நட்ட சில்வர் ஓக்காக இருந்தாலும். கூரைமேல் சாய்ந்த மரமென்றால் புகைப்படத்தோடு மனுக் கொடுங்கள், ஆபத்தான மரத்துக்கு வழி உண்டு.

வேலையின் வரிசை

வடிகால், கூரை, சுவர், தரை. இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டும். முதலில் பெயின்ட் அடித்து டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் அடுத்த கார்த்திகையில் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

*வடிகால்.* வீட்டுக்கு மேல், வெட்டின மேட்டின் தலையில் ஒரு திறந்த வாய்க்கால் முதலில். அது மழைநீரை வீட்டுக்கு வரவிடாமல் இரு பக்கமும் திருப்பிவிடும். இரண்டாவது, பின்சுவரிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி ஒரு புதை வடிகால்: ஒன்றரை அடி அகலம், 2 முதல் 3 அடி ஆழம் (கடைக்கால் ஆழத்தைத் தாண்டாமல்), 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு. உள்ளே ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி) விரித்து, 40 மி.மீ. ஜல்லி நாலு அங்குலம், அதன்மேல் துளையிட்ட 4 அங்குலக் குழாய் (துளை கீழ்நோக்கி), மீண்டும் ஜல்லி, துணியை மூடி, மேலே ஆறு அங்குலம் மண். துணியை விட்டுவிட்டால் நம் செம்மண் இரண்டே மழைக்காலத்தில் ஜல்லியை அடைத்துவிடும்.

தோண்டும்முன் சுவரோரம் ஒரு சோதனைக் குழி எடுத்துக் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டடிக்கு மேல் இல்லாமல் இருக்கும். அதைவிட ஆழமாகப் பக்கத்தில் பள்ளம் போட்டால் சுவர் பள்ளத்துக்குள் இறங்கும். நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டவும் கூடாது. ஆறடி தோண்டி, நிரப்பி, அடுத்த ஆறடி. வெளியேறும் தண்ணீரை ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். பக்கத்து வீட்டு மேட்டில் விட்டால் சண்டை, உங்கள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் விட்டால் சுவர் விழும்.

தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தால் உயரத்தில் பாதி அளவு அடி அகலம், பின்பக்கம் ஓரடி ஜல்லி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு 3 அங்குல நீர்த்துளை. மலையில் சாயும் தடுப்புச் சுவர்களைப் பாருங்கள்: பெரும்பாலும் கெட்டியான கான்கிரீட், துளை ஒன்றுகூட இருக்காது. மண்ணைவிடத் தண்ணீர்தான் அதைத் தள்ளுகிறது. கல்லடுக்கிய பழைய சுவர் நின்றுகொண்டிருந்தால் அதன்மேல் சிமென்ட் பூசி "பலப்படுத்த" விடாதீர்கள்.

*கூரை.* திறந்து போட்டு வேலை செய்ய குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிப்ரவரியும் மார்ச்சும்தான் நம்பிக்கையான மாதங்கள். ஏப்ரலில் கோடை மழை மாலையில் வந்துவிடும். ஓடா தகரமா என்பதில் நம் கட்சி: குரங்கு வரும் இடத்தில் ஓடு வேண்டாம். ஓட்டைத் தூக்கிப் பார்க்காமல் அது போகாது. ஓடுதான் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 15 ஓடு. 1,000 சதுரடி வீட்டுக்கு 30 டிகிரிச் சரிவில், உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 1,770 வரை, தாழ்வாரத் தொங்கல் தனி.

தகரமென்றால் 0.50 மி.மீ. கால்வல்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் பூசின இரும்புத் தகடு), ரப்பர் வாஷர் போட்ட திருகு, மேல்கீழ் மடிப்பு 6 அங்குலம். காற்று பிடுங்குவது தாழ்வாரத்திலும் முகட்டிலும்; அங்கே திருகை நெருக்குங்கள். சுவர்மேல் உள்ள தாங்குமரத்தை இரும்புப் பட்டையால் சுவருக்குள் இரண்டடி இறக்கிக் கட்டாவிட்டால் தகரம் மரத்தோடு சேர்ந்து போகும். செத்த உத்திர முனைக்கு முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பாகத்தை வெட்டி, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டுப் புது முனை சேர்க்கலாம். புது முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்று இருக்கட்டும், சாந்து வைத்து அடைத்தால் அதுவும் அழுகும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காதீர்கள், காய்ந்தபடி துளையிடாதீர்கள். தண்ணீர் தெளித்து, முழுசாகக் கழற்றி, முகமூடி போட்டு இறக்க வேண்டும். தூசிதான் எமன்.

புதுத் தகரம் போட்ட வீட்டில் டிசம்பரில் "ஒழுகுகிறது" என்று மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். மழையே இருக்காது. அறையின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு வியர்க்கிறது. தெளிந்த இரவில் சொட்டினால் வியர்வை, மழையில் சொட்டினால் ஒழுக்கு. தகரத்துக்கும் பலகை மச்சுக்கும் நடுவே இரண்டங்குலம் காற்றோட்டம் விட்டு, முகட்டிலும் தாழ்வாரத்திலும் திறப்பு வைத்து, மச்சின்மேல் 50 மி.மீ. ராக்வுல் (வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு) போட்டால் நின்றுவிடும். கணப்பின் புகைக்கூண்டு கூரையைத் துளைக்கும் இடம் தனி ஒழுக்கு. அங்கே தகரத்தின்மேல் தார்ப்பசை அப்புவதைவிட அலுமினியத் தகட்டைக் கூண்டின் செங்கல் இடுக்கில் சொருகி மடிப்பதுதான் நிற்கும்.

*சுவர்.* மண்சாந்துச் சுவரில் சிமென்ட் பூசுவதுதான் மலை வீடுகளுக்கு நடக்கும் பெரிய கேடு. ஈரம் எப்படியும் உள்ளே போகும். சிமென்ட் அதை வெளியே விடாது. மூடி போட்ட பாத்திரம்போல் சுவர் உள்ளுக்குள் வேகும், மண்சாந்து கரையும், பூச்சு பலகையாகக் கழன்று விழும். சிமென்ட் பூச்சு இருந்தால் சின்ன உளியால் நிதானமாக எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். ஈரச் சுவர் ஓரங்குலம் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு.

பிறகு இடுக்குகளை ஓரங்குலம் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்து அடைத்து, அதன்மேல் பூச்சு. நீற்றின சுண்ணாம்பைக் குறைந்தது 15 நாள் தண்ணீருக்குள் ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவின மணல். முதல் பூச்சு 12 மி.மீ., ஒரு வாரம் விட்டு இரண்டாவது 8 மி.மீ. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். பூசும்முன் சுவரை நனைக்க வேண்டும், பூசினபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காற்றுப்படாமல் காக்க வேண்டும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புதுப் பூச்சு உறைந்து உதிர்ந்துவிடும். உதகை உயரத்தில் அந்த மாதங்களில் பூச்சு வேலையே வேண்டாம். மேலே சுண்ணாம்பு மூன்று கை. எமல்ஷன் பெயின்ட்டும் சுவர்ப் பட்டியும் அடித்தால் சிமென்ட் செய்த கெடுதலை மெல்லிசாகத் திரும்பச் செய்ததாகும்.

*தரை.* பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓடச் சுவரடியில் துளைகள் இருக்கும். பிற்காலத்தில் யாரோ வராண்டாவை உயர்த்தி அதை மூடியிருப்பார்கள், அதனால்தான் பலகை அமுங்குகிறது. துளைகளைத் திறந்து, எலி வராமல் வலை அடித்துவிட்டுப் பிறகு பலகையைத் தொடுங்கள். எல்லாவற்றையும் பெயர்த்துக் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினால், தரையில் வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் முழுதும் சுவரில் ஏறும்.

மின்கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள். மரச்சட்டத்துக்குள் துணி சுற்றின கம்பி இருந்தால் முழுக்க எடுத்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), இடிக்குச் சர்ஜ் காப்பு, புது எர்த் போடுங்கள். செப்டிக் டேங்கு வீட்டுக்குக் கீழ்ப்பக்கச் சரிவில், ஊற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி. ஊறல் குழி தடுப்புச் சுவருக்கு மேல் வரவே கூடாது, அது சரிவை நனைத்து இளக்கும்.

சமையலறைக் கதவு மட்டும் கெட்டி மரத்தில், இரும்புத் தாழோடு இருக்கட்டும். கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்கு வரும், பிளைவுட் கதவை ஒரு பொருட்டாக நினைக்காது. காட்டெருமைக்கு எந்த வேலியும் பெரிய தடையில்லை. சோலார் வேலி போடுவதென்றால் வனத்துறையில் பதிய வேண்டும். வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பது குற்றம்.

ஆள், சாமான், பணம்

சமவெளி மேஸ்திரி வேகமாகச் செய்வார், ஆனால் சுண்ணாம்பு என்றால் சிரிப்பார். உள்ளூர்க் கொத்தனாரும் ஆசாரியும் மெதுவாகச் செய்வார்கள். மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்திருக்கும். பழைய வீட்டுக்கு இரண்டாமவர்தான். சதுரடிக்கு இவ்வளவு என்று மொத்தக் கான்ட்ராக்ட் விடாதீர்கள், பழைய சுவரைத் திறந்தபின் அந்தக் கணக்கு நிற்காது. வடிகால் அடிக்கணக்கு, பூச்சு சதுரக் கணக்கு, உத்திர முனை எண்ணிக்கைக் கணக்கு என்று பிரித்து எழுதுங்கள். சிமென்ட் தேவைப்படும் இடங்களுக்கு மூட்டையை அந்தந்த வாரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள். மூடுபனியில் ஒரு மாதம் கிடந்தால் ஓரம் கட்டிதட்டிவிடும். பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

தேயிலை சேர்த்து வாங்கியிருந்தால், வேலை நடக்கும் காலத்திலும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்க ஆள் பேசிவிடுங்கள். ஒரு பருவம் விட்டால் செடி மரமாகத் தொடங்கும், கவாத்துச் செலவு தனி.

கிரயம் முடிந்த கையோடு பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு மூன்றையும் பேர் மாற்றுங்கள். வேலைக்கூலியில் வடிகாலுக்கும் கூரைக்கும் உள்ள தொகையில் பத்து சதவீதத்தை, ஒரு மழைக்காலம் கழியும்வரை கொடுக்காமல் வையுங்கள். இதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். முதல் பெருமழையன்று அந்த மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். புதை வடிகாலின் வாயில் தண்ணீர் தெளிவாக வர வேண்டும். கலங்கலாக வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது. ஒன்றுமே வராமல் பின்சுவர் நனைந்திருந்தால் குழாயின் சரிவு தப்பு. இரண்டையும் அடுத்த கோடையிலேயே திறந்து சரிசெய்து, அதன்பின் மீதியைக் கொடுங்கள்.